ஒரு ஸ்பிரிங் உடைஞ்சது, இன்னொன்னு கைய உடைச்சது: ஒரு கராஜ் டோர் விபத்தோட முழு விவரம்

இது எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துல நடந்தது. அவங்ககிட்ட கேட்டுட்டு, பேர் எதுவும் இல்லாம எழுதுறேன். நடந்த வரிசையிலேயே வச்சிருக்கேன், நான் பண்ண தப்பும் இதுல இருக்கு.

பின்னணி

அமெரிக்கால மிச்சிகன் மாநிலத்துல, டெட்ராய்ட் பக்கத்துல ஒரு சபர்ப், 2014ல கட்டின வீடு. ரெண்டு கார் நிக்கிற கராஜுக்கு ஒரே அகலமான கதவு, 16 அடி அகலம் 7 அடி உயரம், உள்ள இன்சுலேஷன் வச்ச ஸ்டீல். நண்பருக்கு நாப்பது வயசு இருக்கும், சாஃப்ட்வேர் வேலை, ஆனா வீட்டு வேலை எதுக்கும் ஆள் கூப்பிட மாட்டார், குழாய் மாத்துறது, ஃபேன் மாட்டுறது எல்லாம் அவரே. மனைவி, ரெண்டு பசங்க, அப்ப திருப்பூர்ல இருந்து மாமனாரும் வந்து தங்கியிருந்தார்.

கதவு எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லிடுறேன், இல்லன்னா பின்னாடி வர்றது புரியாது. கதவுக்கு மேல சுவத்தை ஒட்டி ஒரு நீள இரும்புக் குழாய், அதான் ஷாஃப்ட். அதுல நடு பிராக்கெட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்னு அந்தப் பக்கம் ஒன்னுன்னு ரெண்டு டார்ஷன் ஸ்பிரிங், அதாவது முறுக்கி சக்திய சேத்து வைக்கிற சுருள். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் நடுப்பக்க முனை பிராக்கெட்ல போல்ட் போட்டு நிக்கும், வெளிப்பக்க முனைல கோன்னு ஒரு உலோகத் துண்டு இருக்கும், அதச் சுத்தி இருக்கிற ஓட்டைல கம்பிய சொருகித் திருப்பித்தான் ஸ்பிரிங்க முறுக்குறது, அந்தக் கோன ரெண்டு செட் ஸ்க்ரூ ஷாஃப்டோட சேத்துப் பிடிச்சிருக்கும். ஷாஃப்ட் ரெண்டு கடைசிலயும் டிரம், டிரம்ல சுத்தின கேபிள் கீழ போய் கதவோட அடி மூலைல மாட்டியிருக்கும். கதவு மூடியிருக்கப்பதான் ஸ்பிரிங் முழு முறுக்கத்துல இருக்கும். கதவத் தூக்குறது உண்மையில ஸ்பிரிங்தான், மேல இருக்கிற மோட்டார் (ஓப்பனர்) சும்மா கூட ஒரு கை குடுக்குது, அவ்வளவுதான்.

சாதாரணமா பில்டர் போடுற ஸ்பிரிங்குக்கு ஆயுசு 10,000 தடவை ஏறி இறங்குறதுன்னு கணக்கு. இந்த வீட்ல நாளைக்கு 3 தடவைன்னு வச்சாலே 9 வருஷத்துல 9,855 வந்துடுது. அதனால ஸ்பிரிங் அதோட நேரத்துக்குத்தான் போச்சு, யாரும் கெடுக்கல.

முதல் நாள் ராத்திரி

2023 ஜனவரி, வெளிய மைனஸ் 12 டிகிரி. ராத்திரி பத்து மணி வாக்குல கராஜ்ல துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். கூரைல இருந்து ஐஸ் விழுந்திருக்கும்னு நினைச்சு தூங்கிட்டாங்க. காலைல பட்டன அமுக்கினா கதவு நாலு இஞ்ச் எழும்பி நின்னுடுச்சு, மோட்டார் முனகுது. திரும்ப அமுக்கி, திரும்ப அமுக்கி, மூணு தடவை அமுக்கியிருக்கார். இது முதல் தப்பு. ஸ்பிரிங் உடைஞ்ச கதவ மோட்டார வச்சு இழுத்தா ஓப்பனரோட கியர் தேயும், கேபிள் டிரம்ல இருந்து நழுவி கதவு கோணலாவும் வாய்ப்பு இருக்கு. இங்க அதெல்லாம் நடக்கல, அது அதிர்ஷ்டம்.

அண்ணாந்து பாத்தா இடது பக்க ஸ்பிரிங் நடுவுல ரெண்டு இஞ்ச் இடைவெளி விட்டு ரெண்டு துண்டா இருந்திருக்கு. வலது பக்கத்துக்கு ஒன்னும் ஆகல. ரெண்டு காரும் உள்ள மாட்டிக்கிச்சு.

மறுநாள்: எடுத்த முடிவும் அடிபட்டதும்

ஒரு கம்பெனிக்கு போன் பண்ணதுல ரெண்டு ஸ்பிரிங்கும் மாத்த 480 டாலர், மூணு நாள் கழிச்சுதான் வர முடியும்னாங்க. குளிர்ல எல்லார் வீட்டு ஸ்பிரிங்கும் ஒரே வாரத்துல போகும் போல. நண்பர் ரெண்டு வீடியோ பாத்துட்டு தானே பண்ணிடலாம்னு முடிவெடுத்தார். மூணு நாள் கார் இல்லாம மிச்சிகன் ஜனவரில பசங்கள ஸ்கூலுக்கு விடுறது எப்படின்னு யோசிச்சா அந்த அவசரம் புரியுது, ஆனா அவசரம்தான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

வீடியோல முறுக்கு ஏத்துறதத்தான் விலாவாரியா காட்டியிருக்காங்க, பழச எடுக்குற பாகம் வேகமா ஓடிடுச்சாம். புது ஸ்பிரிங் வர்றதுக்குள்ள பழைய ரெண்டையும் கழட்டி வச்சிடலாம்னு ஏறியிருக்கார். உடைஞ்ச ஸ்பிரிங்க தொட்டா லொடலொடன்னு ஆடுச்சு, சரின்னு நல்லா இருக்கிற வலது பக்கத்துக்குப் போயிருக்கார். அப்ப அவர் மனைவி கீழ நின்னு கேட்டது: "ஒன்னுதானே உடைஞ்சுது, இன்னொன்னுல டென்ஷன் அப்படியே இருக்கும்ல?" அதுக்கு இவர், "ஷாஃப்ட் ஒன்னுதானே, அது உடைஞ்சப்பவே எல்லாம் லூசாயிருக்கும்"னு சொல்லிட்டார். மாமனார் வேற, "நம்ம கடை ஷட்டர் ஸ்பிரிங் போச்சுன்னா ஆளத்தான் மாப்ள கூப்பிடுவோம், நீங்க எதுக்குங்க ஏறுறீங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கார்.

எட்டு இஞ்ச் ஸ்க்ரூடிரைவர் ஒன்ன கோன் ஓட்டைல சொருகி இடது கையால பிடிச்சுக்கிட்டு, வலது கையால ஸ்பேனர் போட்டு முதல் செட் ஸ்க்ரூவ லூஸ் பண்ணார், ஒன்னும் ஆகல. ஒன்னும் ஆகலன்னதும் தைரியம் வந்துடுச்சு. ரெண்டாவது ஸ்க்ரூ கால் சுத்து கூட வரல, கோன் விட்டுடுச்சு, ஏழு சுத்துக்கு மேல இருந்த முறுக்கம் மொத்தமும் ஒரே நொடில அந்த ஸ்க்ரூடிரைவர் மேல வந்துடுச்சு. அது கைய விட்டுப் பிடுங்கி ஒரு சுத்து சுத்தி புறங்கைல அடிச்சு, அப்புறம் பறந்து போய் சீலிங் டிரைவால்ல குத்தி நின்னுடுச்சு. ஏணில இருந்து விழல. முகம் கோனுக்கு நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல இருந்தது திட்டம் போட்டு இல்ல, ஸ்பேனருக்கு இடம் வேணும்னு சாஞ்சிருந்தார்.

அவங்க வீட்ல இருந்து எனக்கு போன் வந்தது அப்பதான். "அண்ணா, உடனே வர முடியுமா, ரெண்டு காரும் உள்ள இருக்கு." நான்தான் அர்ஜென்ட் கேருக்கு கூட்டிட்டுப் போனேன். இடது கைல சுண்டு விரல் பக்கத்து உள்ளங்கை எலும்பு முறிஞ்சிருந்தது, அஞ்சு வாரம் கட்டு. இன்சூரன்ஸ் போக கைல இருந்து கட்டினது 480 டாலரத் தாண்டிடுச்சு, அத அவரே சிரிச்சுக்கிட்டு சொன்னார்.

ஏன் இப்படி ஆச்சு

சாயங்காலம் கராஜ்ல நின்னு நானும் மாமனாரும் பாத்துக்கிட்டிருந்தப்ப எனக்கு முதல்ல தோணினது, நண்பர் சொன்ன காரணம் கேக்க சரியாத்தான் இருக்கு, அதுதான் ஆபத்துன்னு. ஷாஃப்ட் ஒன்னுதான், உண்மை. ஆனா ஒரு ஸ்பிரிங் உடைஞ்சா ஷாஃப்ட் திரும்பிடாது, ஏன்னா மூடின கதவோட எடை கேபிள் வழியா அதப் பிடிச்சு வச்சிருக்கு. மிச்சம் இருக்கிற ஒரு ஸ்பிரிங்கால தனியா கதவத் தூக்க முடியாது, அதனால எங்கயும் போக வழியில்லாம முழு முறுக்கத்தோட அப்படியே உக்காந்திருக்கு. பாக்க ரொம்ப சாதுவா இருக்கும்.

அப்புறம் கணக்கு போட்டுப் பாத்தேன். குளியலறை எடை மிஷின கதவுக்கு அடில நடுவுல வச்சு (ரெண்டு ஸ்பிரிங்கும் செத்துப் போனதால இப்ப முழு எடையும் தெரியும், மூணு பேரா மெதுவா இறக்கினோம்) பாத்தா 155 பவுண்டு, அதாவது 70 கிலோ. டிரம்மோட ஆரம் 2 இஞ்ச். 155ஐ 2ஆல பெருக்கினா 310, அத ரெண்டு ஸ்பிரிங்குக்கும் பிரிச்சா ஒவ்வொன்னும் தாங்குறது 155 இஞ்ச்-பவுண்டு முறுக்கு. 18 இஞ்ச் வைண்டிங் பார (கோன் ஓட்டைல சொருகி முறுக்குறதுக்குன்னே வர்ற கம்பி) நுனில பிடிச்சா கடைசிச் சுத்துல கூட கைக்கு வர்ற பாரம் சுமார் 10 பவுண்டுதான், ஒரு கேலன் பால் கேனோட கொஞ்சம் ஜாஸ்தி. அதே முறுக்க எட்டு இஞ்ச் ஸ்க்ரூடிரைவர்ல, கோன்ல இருந்து அஞ்சு இஞ்ச் தள்ளிப் பிடிச்சா 31 பவுண்டு.

பாரத்த மட்டும் பாத்தா "இவ்வளவுதானா"ன்னு தோணும். பாரம் வேற, உள்ள சேந்திருக்கிற சக்தி வேற. கதவு மேல போய் படுக்குறப்ப அதோட நடு எடை சுமார் மூன்றரை அடி ஏறுது, 70 கிலோவ ஒரு மீட்டருக்கு மேல தூக்குற வேலை, அதுல பாதி ஒரு ஸ்பிரிங்ல. 25 கிலோ அரிசி மூட்டை தோள் உயரத்துல இருந்து விழுறதுக்கு சமம். அது மொத்தமும் ஒரு ஸ்க்ரூடிரைவர் கம்பி வழியா வெளிய வந்திருக்கு. இன்னொன்னு, கோன் ஓட்டை அரை இஞ்ச் விட்டம், ஸ்க்ரூடிரைவர் கம்பி கால் இஞ்ச் சொச்சம், உள்ள ஆடிக்கிட்டேதான் நின்னிருக்கும், பாரம் வந்ததும் நழுவாம என்ன பண்ணும்.

அடுத்து என்ன பண்றதுன்னு பேசினது

மூணு வழி இருந்துச்சு. ஒன்னு, 480 குடுத்து ஆளக் கூப்பிடுறது. ரெண்டு, டிரில்ல வச்சு முறுக்கு ஏத்துற மாதிரி வர்ற சிஸ்டத்துக்கு மாறுறது; கிளோபே கம்பெனியோட ஈஸி-செட், வேய்ன் டால்டனோட டார்க்மாஸ்டர் எல்லாம் அந்த ரகம், பார் சொருகுற வேலையே கிடையாது, கியர் இருக்கிறதால கைய எடுத்தாலும் திரும்பி சுத்தாது. வீட்ல முறுக்கு ஏத்துறதுக்கு இருக்கிறதுலயே பயம் கம்மியான முறை அதுதான்னு என் அபிப்பிராயம், ஆனா இந்தக் கதவு வேற கம்பெனி, ஷாஃப்ட், டிரம் எல்லாத்தையும் மாத்தணும், செலவு ஒத்து வரல. மூணு, சரியான கருவி வாங்கி நாங்களே பண்றது.

மூணாவதத்தான் எடுத்தோம். அதுக்கு ஒரே நியாயம், முறுக்கத்தோட இருந்த ஸ்பிரிங்க இறக்குற வேலைதான் இதுல ரொம்ப மோசமானது, அது நண்பரோட கைய பலி வாங்கிட்டு தானா இறங்கிடுச்சு. இப்ப ரெண்டும் செத்த ஸ்பிரிங். அந்த வலது ஸ்பிரிங் இன்னும் முறுக்கத்தோட நின்னிருந்தா நான் ஆளக் கூப்பிடச் சொல்லியிருப்பேன், இப்பவும் அதேதான் சொல்வேன். நான் ஒரு கார் பார்ட்ஸ் ஆலைல மெக்கானிக்கல் ஆளா பதினஞ்சு வருஷம் இருக்கேன், அந்த தைரியமும் கொஞ்சம் இருந்துச்சுன்னு ஒத்துக்கணும்.

ஸ்பிரிங் அளவு எடுக்குறதுல அவசரப்படல. 20 வளையத்த ஒன்னோட ஒன்னு ஒட்டி வச்சு ஸ்கேல்ல பாத்தா நாலே கால் இஞ்ச்சுக்கு அரைக்கால் கம்மி, அப்ப கம்பி 0.207 இஞ்ச். உள் விட்டம் 2 இஞ்ச், நீளம் 24. விக்கிறவங்களுக்கு இந்த அளவோட கதவு எடையும் உயரமும் சொன்னதும், அதே தூக்கும் சக்திக்கு 0.218 கம்பி, 30 இஞ்ச் நீளத்துல ஒரு ஜோடி இருக்கு, கம்பி தடிச்சு நீளமும் கூடினா ஆயுசு கூடும்னாங்க. ஷாஃப்ட்ல இடம் இருந்துச்சு, அதையே வாங்கினோம். ஸ்பிரிங் 130 டாலர் சொச்சம், அரை இஞ்ச் கனத்துல 18 இஞ்ச் நீள வைண்டிங் பார் ரெண்டு 30 டாலர்.

முறுக்கு ஏத்தின நாள்

பிப்ரவரில ஒரு சனிக்கிழமை. ஏணில நான், கீழ எண்ணிக்கைக்கு நண்பரோட மனைவி, கட்டுக் கையோட நண்பர் ஒரு ஸ்டூல்ல. மாமனார் பசங்கள கூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள, கராஜ் கதவத் தொறக்கக் கூடாதுன்னு கண்டிஷன்.

ஓப்பனர் பிளக்க பிடுங்கி, சிவப்புக் கயித்த இழுத்து கதவ மோட்டார்ல இருந்து விடுவிச்சோம். கதவு தரையோட மூடியிருக்கு, கதவோட சக்கரம் (ரோலர்) ஓடுற ரெண்டு பக்க டிராக்லயும் ஒரு ரோலருக்கு நேர் மேல வைஸ் கிரிப் (பிடிச்சதும் பூட்டிக்கிற இடுக்கி) போட்டு இறுக்கினேன். இது ரொம்பப் பேர் விட்டுடுற விஷயம், முறுக்கு கொஞ்சம் கூடிப் போனா கதவு தானா மேல எகிறும், அப்ப ஏணில நிக்கிறவன் கதி அதோகதி. பழச உருவிட்டு புதுச மாட்டுறப்ப இடது வலது மாறாம பாக்கணும், உள்ள இருந்து பாக்கறப்ப இடது பக்கத்துக்கு வலச்சுத்து ஸ்பிரிங் போகும், பேர் குழப்பும். நாங்க பழசோட கம்பி முனை எந்தப் பக்கம் பாக்குதுன்னு போட்டோ எடுத்து வச்சிருந்தோம், அத வச்சுதான் முடிவு பண்ணோம். ரெண்டு கேபிளையும் டிரம்ல ஏத்தி ஒரே இறுக்கத்துக்கு கொண்டு வந்து, ஷாஃப்ட் திரும்பாம அதுல ஒரு வைஸ் கிரிப்ப சுவத்துல முட்டுற மாதிரி மாட்டினேன்.

ஸ்பிரிங் மேல நீளவாக்குல சாக்பீஸால ஒரே நேர் கோடு போட்டோம். பார் முனைல இருந்து அது ஓட்டைக்குள்ள முழுசா போற ஆழத்துக்கு ஒரு மாஸ்கிங் டேப் சுத்தி வச்சேன், டேப் கோன முட்டினாத்தான் பார் முழுசா உள்ள போயிருக்குன்னு அர்த்தம். இந்த டேப் யோசனை நண்பரோடது, அடிபட்டவருக்குத்தான் இது தோணும்.

7 அடி கதவுக்கு சாதாரண 4 இஞ்ச் டிரம்னா ஏழரை சுத்து, அதாவது 30 கால் சுத்து. ஒரு பார சொருகி மேல தள்ளி கால் சுத்து, அடுத்த ஓட்டைல ரெண்டாவது பார சொருகி பாரத்த அதுக்கு மாத்தினப்புறம்தான் முதல் பார எடுக்கணும். ஒரு கணம் கூட ஒரு பாராவது இல்லாம கோன் இருக்கக் கூடாது. ஏணி ஸ்பிரிங்குக்குப் பக்கவாட்டுல, தலையும் உடம்பும் பார் சுத்துற வட்டத்துக்கு வெளிய. கண்ணாடி போட்டிருந்தேன், தொளதொள ஸ்வெட்டர கழட்டி வச்சிட்டேன்.

பதினேழா பதினெட்டான்னு நடுவுல எண்ணிக்கை தப்பிடுச்சு. நான் சொன்னது பதினெட்டு, கீழ இருந்து பதினேழு. அங்கதான் சாக்பீஸ் கோடு உதவுச்சு, நேர் கோடு இப்ப ஸ்பிரிங்க சுத்தி கொடி மாதிரி ஏறியிருக்கு, எத்தனை தடவை சுத்தி வந்திருக்குன்னு எண்ணினா நாலு முழுசு, அதுக்கு மேல ஒரு கால். பதினேழுதான். பார கதவுல சாத்தி வச்சு நிதானமா எண்ணினோம், ரெண்டு நிமிஷம். முன்னாடி அவசரப்பட்ட வீடுங்கிறதால இந்த ரெண்டு நிமிஷத்த யாரும் குறை சொல்லல.

முப்பது வந்ததும் கோன கால் இஞ்ச் வெளிப்பக்கம் இழுத்து வச்சு, வளையம் ஒன்னோட ஒன்னு உரசாம இருக்கணும்னு, செட் ஸ்க்ரூ ரெண்டையும் இறுக்கினேன். ஷாஃப்ட தொட்டதும் அரை சுத்துல இருந்து முக்கால் சுத்து போதும். நான் அதுக்கு மேல இறுக்கினேன், அது பின்னாடி வருது. ரெண்டாவது பக்கமும் இதே மாதிரி. மொத்தம் ரெண்டரை மணி நேரம்.

என்ன ஆச்சு

எல்லா வைஸ் கிரிப்பையும் எடுத்துட்டு கையால கதவத் தூக்கினா ஒரு விரல்ல வருது. பாதி உயரத்துல விட்டா நிக்கணும், ஆனா மெதுவா மேல ஏறிச்சு, முறுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. திரும்ப மூடி, கிளாம்ப் எல்லாம் போட்டு, ரெண்டு பக்கமும் ஒரு கால் சுத்து குறைச்சேன். இப்ப முறுக்கத்தோட இருக்கிற ஸ்பிரிங்ல செட் ஸ்க்ரூவ லூஸ் பண்ணணும், நண்பருக்கு அடிபட்ட அதே வேலை. பார டேப் வரைக்கும் சொருகி, கொஞ்சம் மேல தூக்கி பாரம் முழுசும் என் கைக்கு வந்துடுச்சுன்னு தெரிஞ்சப்புறம்தான் ஸ்பேனர எடுத்தேன். கராஜ்ல யாரும் பேசல. 29ல கதவு பாதில அசையாம நின்னுது.

ஓப்பனர மாட்டி, கதவு இறங்குற இடத்துல ஒரு ரெண்டுக்கு நாலு (2x4) மரக்கட்டைய படுக்க வச்சு, கீழ ஏதாவது இருந்தா கதவு தானா திரும்புதான்னு இறக்கிப் பாத்தோம், தொட்டதும் திரும்பி ஏறிடுச்சு. ஸ்பிரிங் வேலை முடிஞ்சா இந்த சோதனைய விடக் கூடாது.

திரும்பப் பண்ணா என்ன மாத்துவோம்

ஒரு ஸ்பிரிங் உடைஞ்சு இன்னொன்னு முழுசா இருந்தா, இறக்குற வேலைக்கு மட்டுமாவது ஆள். மூணு நாள் காத்திருந்து வாடகைக் கார் எடுத்தாலும் லாபம்தான். ஸ்க்ரூடிரைவர், ரீபார் (கட்டடக் கம்பி) துண்டு, சாக்கெட் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓட்டைகிட்டயே வரக் கூடாது. கீழ நின்னு ஒருத்தர் கேள்வி கேட்டா, பதில் தெரியாத வரைக்கும் ஏணில இருந்து இறங்கிடணும், அன்னைக்கு அவர் மனைவி கேட்டது நூத்துக்கு நூறு சரியான கேள்வி.

இதக் கேள்விப்பட்ட இன்னொரு நண்பர் தன் பழைய வீட்டுக் கதவப் பத்தி கேட்டார், அது வேற ரகம், டிராக் ஓரமா நீளவாக்குல இழுபடுற எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங். அதுல கதவு முழுசா தொறந்திருக்கப்பதான் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அதனால கதவ மேல தூக்கி டிராக்ல கிளாம்ப் போட்டு நிறுத்தினப்புறம்தான் கை வைக்கணும். ஸ்பிரிங்குக்கு உள்ள ஒரு சேஃப்டி கேபிள் ஓடணும், அவர் வீட்ல ஓடல. உடைஞ்சா துண்டு கராஜுக்குள்ள பறக்கும். அத முதல்ல போடச் சொன்னேன்.

நண்பர் வீட்ல ஏப்ரல்ல ஒரு கேபிள் அடி மூலைல நூல் பிரிய ஆரம்பிச்சிருந்தத அவர் மனைவிதான் பாத்தாங்க. அந்த அடி பிராக்கெட்ல கேபிளோட முழு இழுவையும் இருக்கும், அதுல நாங்க கை வைக்கல, டெக்னீஷியன கூப்பிட்டாங்க. வந்தவர் 20 நிமிஷத்துல ரெண்டு கேபிளும் மாத்திட்டு, மேல எங்க ஸ்பிரிங்க பாத்துட்டு என்னக் கூப்பிட்டு டார்ச் அடிச்சுக் காட்டினார். வலது கோன்ல ஒரு செட் ஸ்க்ரூவ நான் இறுக்கின இறுக்குல ஷாஃப்ட் குழாய் லேசா உள்ள நசுங்கியிருக்கு. இப்போதைக்கு ஓடும், ஆனா அடுத்த தடவை ஸ்பிரிங் மாத்துறப்ப கோன் அந்த இடத்தத் தாண்டி வராது, ஷாஃப்டையும் சேத்துத்தான் மாத்தணும்னார்.